யானையை நிறுத்தியவர்

"இனிமே யானைக்கு நானே பாகன்!" என்று ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் தட்டி அறிவித்தார் மெத்தைக்கடை மேலாளர். அவருடைய அம்மா காது மெஷினைச் சரிசெய்துகொண்டார். மனைவி செய்தித்தாளில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வீட்டில் மொத்தமே மூன்று பேர்தான் என்பதால் கைதட்ட ஆளில்லாமல் போயிற்று.

யானை என்பது வாசலில் நின்ற வண்டி. தாராளமாக எட்டுப் பேர் உட்காரலாம். நம்மவர் யாரையும் கேட்காமல் பழைய வண்டிச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. கிளம்பச் சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்பும். நிற்கச் சொன்னால்தான் தகராறு. பிரேக்கில் கால் வைத்ததும் கிரீச்ச்ச் என்று ஓர் அலறல். தெருமுனையில் அது அலறினால் எதிர்வீட்டு வக்கீலின் நாய் எழுந்து நின்று பதில் சொல்லும்.

"யானை வாங்கத் தெரிஞ்சவருக்கு அங்குசம் வாங்க மனசு வரலை" என்றார் மனைவி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. "பிரேக் பேட் தேஞ்சு போச்சு. வொர்க்‌ஷாப்ல விடுங்க."

மனைவி பல் டாக்டர். நம்மவர் வாயால் பிழைப்பவர். டாக்டரம்மா அடுத்தவர் வாயைத் திறக்கவைத்துப் பிழைப்பவர். மூடவைப்பதிலும் கைதேர்ந்தவர் என்பது வீட்டோடு இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

"வொர்க்‌ஷாப்பா? எதுக்கு? பிரேக்ல அப்படி என்னம்மா இருக்கு? நடுவுல சுத்தற டிஸ்க். ரெண்டு பக்கமும் ரெண்டு பேட். மிதிச்சா ஆயில் போய்த் தள்ளும், பேட் டிஸ்கைக் கவ்வும், வண்டி நிக்கும். தேஞ்சதை எடுத்துட்டுப் புதுசை வெச்சா முடிஞ்சது. தலையணை உறை மாத்தற மாதிரி!"

"தலையணை உறையே நீங்க மாத்தினதில்லையே."

"வீடியோ பாத்திருக்கேன்."

"தலையணைக்கா?"

"பிரேக்குக்கு!"

டாக்டரம்மா பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"இங்க பாருங்க. சனிக்கிழமை தங்கச்சி குடும்பம் வருது. பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மலைக்குப் போறோம். உங்களுக்குக் கடை இருக்கு, நான்தான் ஓட்டப் போறேன். இறக்கம் முழுக்க பிரேக்கை நம்பித்தான் வரணும்."

"என்னை நம்பு!"

"பிரேக்கைன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது நம்மவருக்கு. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த புதுப் பேட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் கேட்டைச் சாத்தினார்.

ஜாக்கி ஏறியது. சக்கரம் கழன்றது. அதுவரைக்கும் வெற்றிதான். பேடுகளைக் கவ்விக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டியின் முதுகுப் பக்கம் ஒரு போல்ட் இருந்தது. ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் திருப்பினார். இத்துனூண்டு அசைந்தது. உற்சாகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தார். அதன் பிறகு அந்தப் போல்ட் பிரம்மாவே வந்தாலும் அசைய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டிகளில் தோல் போயிற்று. வீடியோவில் வந்தவன் சிரித்துக்கொண்டே கழற்றினானே, பாவி!

வெயில் ஏறியது. உள்ளே போய்த் "தோத்துட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் தலையணை உறை என்று சொன்ன வாய், அந்த ஒரு வார்த்தைக்குத் திறக்க மறுத்தது. சக்கரத்தைப் பழையபடி மாட்டினார். கிரீஸில் கையை விட்டு முழங்கை வரை பூசிக்கொண்டார். நெற்றியிலும் ஒரு கோடு. புதுப் பேட் பெட்டியைக் கொல்லைப்புறமாகக் கொண்டுபோய் விருந்தாளி அறை மெத்தைக்கு அடியில் சொருகினார். சொந்தக் கடை மெத்தை; அது எதையும் தாங்கும்.

"முடிஞ்சது!" என்றார் கூடத்தில் வந்து நின்று.

"எல்லாமேவா?" என்றார் டாக்டரம்மா.

"எல்லாமே."

டாக்டரம்மா அவர் முட்டிகளுக்கு மருந்து போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மருந்து எரிந்ததைவிட, அவர் ஒன்றும் கேட்காததுதான் நம்மவருக்கு அதிகமாக எரிந்தது.

மறுநாள் யானை வழக்கம்போல் அலறியது.

"புதுப் பேட். பழகற வரைக்கும் கத்தும்" என்றார் நம்மவர்.

"புதுப் பல்லு மாதிரி" என்றார் டாக்டரம்மா, சாதுவாக.

புதன்கிழமை கடையில் சரக்கு இருப்பு எடுக்கும் வேலை. நிறுவனத்து வேன் வந்து நம்மவரை அழைத்துப் போயிற்று. யானை நாள் முழுக்க வீட்டில் நின்றது. வியாழக்கிழமை காலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் பிரேக்கை மிதித்தார். சத்தமே இல்லை! வக்கீல் வீட்டு நாய் பதில் சொல்லத் தயாராக எழுந்து நின்று, ஏமாந்து, படுத்துக்கொண்டது.

மற்றவராயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நம்மவர் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினார். வீடியோ அரைகுறையாகப் பார்த்ததன் பலன். பேட் தேய்ந்ததும் கத்தி எச்சரிப்பதற்கென்றே அதில் தகட்டாலான ஒரு சின்ன நாக்கு உண்டு என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தான் ஏறி மிதித்த மிதியில் அந்த நாக்கும் ஒடிந்து விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினார். வண்டி என்னவோ முன்னைவிட நன்றாகத்தான் நின்றது. பயத்தில் கால் அழுத்தமாக விழுகிறது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வக்கீல் கேட்டருகில் மடக்கினார்.

"சார், பிரேக்கை நீங்களே பாத்தீங்களாமே? டாக்டரம்மா சொன்னாங்க."

"அது... ஆமா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே... வேளையில."

"பிரமாதம்! என் வண்டியும் பழசு. மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. பஞ்சு உங்க ஏரியாதானே! ஞாயித்துக்கிழமை நீங்களே பாத்துடுங்க."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். உண்மையான காரணத்தைச் சொல்ல முகம் வேண்டும். இரண்டும் இல்லாமல் தலையாட்டினார்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா பெருமையோடு மகன் தட்டில் கூடுதலாகப் பரிமாறினார். "என் பிள்ளைக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கும்னு நான் நெனச்சதே இல்லடா!" என்று சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்துச் சிரித்தார். நம்மவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பெற்ற தாயை ஏமாற்றிச் சாப்பிடுகிறோமே என்று கூசிப்போனார்.

வெள்ளிக்கிழமை மச்சினி குடும்பம் வந்து இறங்கியது. பொடிசுகள் "பெரியப்பா!" என்று காலைக் கட்டிக்கொண்டன. சனிக்கிழமை காலையில் சகலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு விருந்தாளி அறையிலிருந்து வந்தார்.

"மெத்தையில முதுகுக்கு நேரா செங்கல் மாதிரி என்னமோ அழுத்துது, சகலை."

"அது முதுகுத்தண்டுக்குன்னே வந்த புது மாடல்" என்றார் நம்மவர். இருபது வருஷம் வாயால் பிழைத்தவர். வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது.

யானை கிளம்பத் தயாரானது. நம்மவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏம்மா, மழை வர மாதிரி இருக்கே?"

"சுள்ளுனு வெயில் அடிக்குது."

"டயர்ல காத்து கம்மியா இருக்கோ?"

"நேத்துதான் பிடிச்சேன்."

"அம்மாவுக்கு மலை ஒத்துக்காதே."

"எனக்கு எல்லாம் ஒத்துக்கும்" என்றார் அம்மா, உள்ளே வசதியாகச் சாய்ந்துகொண்டு.

கதவுகள் சாத்தப்பட்டன. பொடிசுகள் ஜன்னல் வழியாகக் கையாட்டின. கடைக்குட்டி மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தது. நம்மவருக்கு வளைந்து வளைந்து இறங்கும் அந்த ரோடு கண்முன் வந்தது. இந்த எட்டணா ரோஷத்துக்கு விலை அந்த மூக்கா? தன்மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது. எஞ்சின் உறுமியது. அவ்வளவுதான், ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் போகக் கூடாது! இறங்குங்க!"

"என்ன அத்தான்?" என்றார் மச்சினி.

"நான் பேட் மாத்தலை."

எதிர்வீட்டு வக்கீல் பல் துலக்கிக்கொண்டே கேட்டுக்கு வந்துவிட்டார்.

"மாத்தவே இல்லை! போல்ட் கழலலை. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மாத்தினேன்னு பொய் சொன்னேன். பழைய பேட்தான் இருக்கு. இது மலைக்குப் போனா... பிள்ளைங்க..." கடைக்குட்டியின் ஜன்னலைக் காட்டினார். "இருங்க, புதுசைக் காட்டறேன்!"

உள்ளே ஓடினார். மெத்தையைத் தூக்கினார். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. கொண்டுவந்து எல்லார் எதிரிலும் வண்டி முகப்பின் மேல் வைத்து, கம்பெனி முத்திரையைப் பிரிக்கப் போனார். முத்திரை ஏற்கெனவே பிரிந்திருந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தவை கரிபிடித்து, கீறல் விழுந்து, பிஸ்கட்டைப் போல் தேய்ந்துபோன பழைய பேடுகள்.

சகலை முதுகைத் தடவிக்கொண்டார்.

டாக்டரம்மா நிதானமாக எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"பிடுங்கினதைச் சம்பந்தப்பட்டவங்ககிட்ட காட்டறது எங்க தொழில்ல வழக்கம்" என்றார்.

"நீ... நீயா?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமே சக்கர இடுக்கில என் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பாத்துட்டேன். பழைய பேட் அப்படியே இருந்துச்சு. விருந்தாளி ரூம்ல உறை மாத்தறப்ப மெத்தைக்கு அடியில புதுசும் கிடைச்சுது. புதன்கிழமை கிளினிக்குக்கு லீவு போட்டுட்டு மாத்தினேன். ஆயிலும் கருத்துப் போயிருந்தது, அதையும் புதுசாக்கினேன். நேத்து வொர்க்‌ஷாப்ல ஒரு தடவை காட்டிட்டும் வந்துட்டேன்."

"அந்தப் போல்ட்?"

"அதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு. அது தலை அந்தப் பக்கம் பாத்து இருக்கு. இந்தப் பக்கம் உக்காந்து திருப்பினா திசை மாறும். நீங்க கழட்டறதா நெனச்சு ஏறி நின்னு இறுக்கியிருக்கீங்க. நாள் பூரா கண்ணாடியில தலைகீழாப் பாத்து வேலை செய்யறவ நான். அதோட, வாய்க்குள்ள வேலை செஞ்ச கைக்கு இது விசாலமான இடம். எச்சில் வராது, கடிக்காது."

"ஆயில் மாத்த ரெண்டு பேர் வேணுமே!" என்றார் வக்கீல், நுரைக்கு நடுவே. "ஒருத்தர் பெடலை அமுக்கி விடணும். அது யாரு?"

யானைக்குள்ளிருந்து ஒரு சின்ன இருமல் கேட்டது.

"அம்மா!" என்றார் நம்மவர்.

"எனக்கென்னடா தெரியும்? அமுக்குன்னா அமுக்கினேன், விடுன்னா விட்டேன். இந்த வயசில என்னை நம்பி ஒரு வேலை குடுத்தாளே, அதுவே சந்தோஷம்."

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"நீயா சொல்றியான்னு பாக்கலாம்னு அவதான் சொன்னா."

நம்மவர் தலையைக் குனிந்துகொண்டார். வாரம் முழுக்க வாங்கிய பாராட்டுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, ஒவ்வொன்றும் செருப்படியாக விழுந்தது. டாக்டரம்மா பக்கத்தில் வந்தார். மற்றவர் காதில் விழாதபடி சொன்னார்:

"இன்னிக்கு நீங்க குறுக்க வந்து நிக்காம இருந்திருந்தா, நான் மலையிலேருந்து திரும்பி வந்ததும் உங்ககிட்ட வேற மாதிரி பேசியிருப்பேன். நல்லவேளை." தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "சரி, வழி விடுங்க. வெயில் ஏறுது."

யானை சத்தமில்லாமல் தெருமுனைவரை போய், சத்தமில்லாமல் நின்று, வளைந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வக்கீலின் வண்டிக்கு அடியில் டாக்டரம்மா படுத்திருந்தார். வாக்குக் கொடுத்தவர் நம்மவர் என்பதால் டிரைவர் சீட்டில் நம்மவர். தோற்றவனுக்கு ஒரு பதவியாவது கிடைத்ததே என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அமுக்கத்தானே வேண்டும்? கல்யாணமான நாள்முதல் சொன்னதைச் செய்து பழகிய கால்.

"அமுக்குங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அமுக்கினார்.

"பிடிச்சுக்கோங்க... இன்னும்... இன்னும்... ஐயோ, விட்டுட்டீங்களே! காத்து உள்ள போயிடுச்சு. மறுபடியும் முதல்லேருந்து. அமுக்குங்க... பிடிங்க... ஐயோ!"

வக்கீல் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்து கார்க் கதவைத் திறந்தார்.

"இறங்குடா. உனக்கு எதுக்கு இந்தத் தொழில்நுட்பமெல்லாம்?"