நடபுவாவின் காங்கிரஸ்மேன்

அமெரிக்க மண்ணை மிதிக்காமலேயே அந்த நாட்டுப் பார்லிமெண்டான காங்கிரஸில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் ஃபிஜித் தீவில் எங்கள் நடபுவாவில்தான் இருந்தார். பக்கத்து ஊரான ட்ராசாவில் கரும்பு லாரி ஓட்டியவர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். ஊருக்கெல்லாம் அவர் காங்கிரஸ்மேன்.

ஒரு முறை அடுத்த தீவிலிருக்கும் சவுசவு துறைமுகத்துக்குக் கொப்பரை ஏற்றப் போனபோது, பாய்மரப் படகில் வந்த ஒரு வெள்ளைக்காரர் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளைக் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு காங்கிரஸ்காரரைப் பற்றி எழுதியிருந்தது. புது வரியா, வேண்டாம். புதுச் சட்டமா, வேண்டாம். எதைக் கொண்டுவந்தாலும் எதிர்த்தே ஓட்டுப் போட்டு, தேர்தல் தவறாமல் ஜெயித்துக்கொண்டிருந்த பழமைவாதி. நம்மவருக்கு ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றைக்குப் பிடித்தது, அவரும் நானும் இருந்த மாரியம்மன் கோயில் கமிட்டிக்குச் சனி.

மின்விசிறி வாங்கலாமா என்றால், "நோ! ஆத்தாளே வேர்த்துக்கிட்டு நிக்கறா, உனக்கென்னடா காத்து?" என்பார். பாயசத்துக்கு முந்திரி என்று யாராவது வாயெடுத்தால் போதும், எழுந்து நின்று பேசுவார். அவர் முடிப்பதற்குள் எங்களுக்கே முந்திரி வெறுத்துவிடும்.

பிறகுதான் தலைநகர் சுவாவில் சிலர் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள். இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சி போயிற்று. நம்மவர்கள் பயந்து வெளிநாடு கிளம்ப, எங்கள் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. காங்கிரஸ்மேன் வீட்டிலும் ஓட்டெடுப்பு நடந்தது: சிட்னிக்குப் போவதா, இங்கேயே இருப்பதா? மனைவி அங்கம்மாவும் இரண்டு மகள்களும் போக வேண்டும் என்றார்கள். இவர் மட்டும் "நோ".

"தோத்துட்டீங்க. விசாவுக்கு நாளைக்குச் சுவா கிளம்புங்க" என்றார் அங்கம்மா.

மனுஷன் நேரே கோயிலுக்கு வந்து தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் விழா முடியும்வரை ஊரெல்லை தாண்டக் கூடாது அல்லவா? சுவாவுக்கு எப்படிப் போவது! அதோடாவது விட்டாரா? பூசாரியைத் தனியே இழுத்துப்போய், "தீ மிதிச்ச பொறவும் இத அவுக்காம வச்சுக்கலாமா? ஒரு நாலஞ்சு வருசம்?" என்று கேட்டாராம்.

அங்கம்மா அசரவில்லை. விசா நேர்காணலை விழாவுக்குப் பிறகு என்று மாற்றி வாங்கிவிட்டார்.

விழாவுக்கு முதல் நாள் கோயில் வாசலில் காங்கிரஸ்மேனின் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த அமெரிக்கக் காங்கிரஸ்காரர் சொந்தக் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றுவிட்டார் என்றது செய்தி. ஜெயித்தவரைப் போனில் கூப்பிட்டு வாழ்த்தினாராம். நாங்கள் கேலி பண்ண வாயைத் திறந்தோம். இவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டோம்.

"பாத்தியா தம்பி," என்றார் என்னிடம். "தோத்தான். போன் பண்ணான். வூட்டுக்குப் போயிட்டான். இங்க தோத்தவன் ஒருத்தனும் அப்படிப் போவலியே, துப்பாக்கியில்ல தூக்கறான்."

மறுநாள் தீ மிதித்தார். காப்பை அவிழ்த்ததும், அத்தனை கூட்டத்துக்கு நடுவே அங்கம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீ ஜெயிச்ச. பொட்டியக் கட்டு."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கமென்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ அழுகையென்றுதான் பட்டது.

இப்போதெல்லாம் எங்கள் கமிட்டியில் எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறுகிறது. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அந்த மனுஷன் இல்லாத கூட்டம் எனக்குப் பிடிக்கவேயில்லை.