முந்நூற்று ஐம்பத்தைந்து படி பாக்கி

என்னை யாராலும் மயக்கித் தூங்கவைக்க முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இருபத்தாறு பேரைத் தூங்கவைத்த குற்றவாளியாகச் சொல்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படியையும் நடந்து ஏறுவது என் வேண்டுதல். முப்பத்தொன்பது வருஷம் ஏறியாயிற்று. நாற்பதாவதற்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது வலது முழங்கால் மக்கர் செய்தது. (இடதும் யோசித்துக்கொண்டிருந்தது.)

"இன்னாத்துக்கு நைனா பிடிவாதம்? கோயில் வரைக்கும் வண்டி போவுது. குந்திக்கினு வா" என்றான் மகன்.

"முப்பத்தொம்பதோட நின்னா அது ஒரு கணக்கா?" என்றேன்.

மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான் கல்யாண மண்டபத்தில் மனோவசிய முறையில் வலி குறைக்கும் முகாம் என்று நோட்டீஸ் வந்தது. மனைவியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு இரண்டு வருஷமாகத் தோள்பட்டை வலி. இந்த முகாமில் நம்பிக்கைதான் இல்லை. மண்டபத்தில் நாற்காலி இருபத்தாறு, எங்களோடு சேர்த்து எல்லாம் நிரம்பின. மின்விசிறி ஒன்பது, ஓடியவை ஏழு.

சென்னையிலிருந்து வந்த நிபுணருக்கு வெந்நீர் ஒத்தடம் மாதிரிக் குரல். "கண்ணை மூடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த படிக்கட்டின் உச்சியில் நிற்கிறீர்கள். பத்துப் படி இறங்கப் போகிறோம். ஒவ்வொரு படிக்கும் வலி கரையும்."

எனக்கு நன்றாகத் தெரிந்த படிக்கட்டு வேறு எது? மலை உச்சியில் போய் நின்றேன். அவர் எண்ண எண்ண இறங்கினேன்.

"ஒன்பது... பத்து. கீழே வந்துவிட்டீர்கள். வலி இல்லை."

"இல்லீங்க!" கண்ணைத் திறக்காமலே கத்தினேன். "இன்னும் முந்நூத்தி ஐம்பத்தஞ்சு படி இருக்குது!"

பக்கத்து நாற்காலியில் அம்மையார்குப்பத்து நெசவாளி ஒருவர், "ஆங், நானும் மேலதாங்க நின்னுகினு இருக்கேன்" என்றார். பின்னாலிருந்து ஓர் அம்மா, "பாதியில வுட்டா எப்டி சார் எறங்குறது?" என்றாள். மண்டபமே ஒரே மலையில்தான் நின்றிருந்தது.

நிபுணர் வியர்த்துப்போனார். "சார், நீங்களே எண்ணி முடிச்சிடுங்க."

எண்ணச் சொன்னால் விடுவேனா? பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் வருகைப் பதிவேடு பார்த்தவன். பதினொன்றில் ஆரம்பித்து ஒன்றுகூட விடாமல் முந்நூற்று அறுபத்தைந்து வரை உரக்க எண்ணினேன். தொண்ணூற்றிரண்டில் இடப்பக்கம் குறட்டை கேட்டது. நான் அசரவில்லை. (இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் வலிக்கும். கற்பனையிலும் அப்படித்தான்.)

கண்ணைத் திறந்தால் இருபத்தைந்து பேரும் தூக்கம். என் மனைவிக்கு வாய் திறந்திருந்தது. இருபத்தாறாவதாக நிபுணர். மைக்கின் மேல் சாய்ந்து அவர் விட்ட குறட்டை ஒலிபெருக்கியில் தெருவரைக்கும் போயிற்று.

எழுப்பும் முறை எனக்குத் தெரியாது. மனைவியை நாலு தடவை உலுக்கினேன், அசையவில்லை. இத்தனை பேர் வீட்டுக்கும் யார் பதில் சொல்வது? வேறு வழி தோன்றாமல் அடித்தொண்டையில் கத்தினேன்: "கந்தனுக்கு!"

"அரோகரா!" என்று இருபத்தைந்து பேரும் துள்ளி எழுந்தார்கள். நிபுணர் மட்டும் மைக்கில் "அலோ, அலோ" என்றார்.

"வலி போச்சுங்க!" என்றார் நெசவாளி. என் மனைவி கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டையைச் சரிசெய்தாள். என் முழங்கால் மட்டும் வந்தபடியே இருந்தது.

"எனக்கு?" என்று நிபுணரைக் கேட்டேன்.

"நீங்க எண்ணாம இருக்கணும் சார்."

அது நடக்கிற காரியமா?

கிருத்திகையன்று வலியோடேதான் ஏறினேன். பதினேழு இடத்தில் நின்றேன், வண்டியில் ஏறவில்லை. மூன்று படி முன்னால் போன மனைவி திரும்பி, "மனசுக்குள்ள எண்ணுங்க. நான் தூங்கி வுழுந்தா யாரு தூக்குறது?" என்றாள். நாற்பது பூர்த்தியாயிற்று.

இப்போது வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் மகன் மாத்திரை தேடுவதில்லை. "நைனாவ ஒரு இருவது படி எறங்கச் சொல்லு" என்கிறான். நானும் இறங்குகிறேன். இதுவரை பதினாறைத் தாண்டி விழித்திருந்தவர் எவரும் இல்லை. மிச்சப் படிகளை நான்தான் தனியாக எண்ணி முடிக்கிறேன்.