அப்பீல் முடியும்வரை பாண்டி

திண்டுக்கல் நாகல் நகரில் முத்துக்கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். வெங்காய மண்டியில் எடை பார்ப்பவர். மண்டியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வீட்டில் அவருக்குப் பேச்சே கிடையாது.

எண்பத்து மூன்றில், பக்கத்து வீட்டுச் சடையாண்டியோடு நடந்த நிலவழக்கில் அவர் பக்கம் தோற்றது. நிலம் என்றதும் ஏக்கர் கணக்கில் நினைத்துவிட வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஐந்தடி அகலச் சந்து. அதில் ஒரு முருங்கை மரம், ஒரு துவைகல். அவ்வளவுதான்.

தோற்ற அன்றே இரண்டு சபதம் எடுத்தார். ஒன்று, உயிரே போனாலும் அந்தச் சந்தை விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு, 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்' என்று வடமதுரையிலிருந்து வந்து எட்டு மாதமாகக் கூடத்தில் உருண்டுகொண்டிருக்கும் மச்சினன் பாண்டியை அந்த வாரமே பஸ் ஏற்றுவது.

அப்பீல் போடச் சொன்னதும் வக்கீல் ஜமால் முகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பீல் போட்டா மட்டும் ஆச்சா? தீர்ப்ப நிறுத்தி வைக்கத் தனியாத் தடை வாங்கணும். இல்லேன்னா கோர்ட்டு அமீனா வந்து சந்த அளந்து சடையாண்டி கையில குடுத்துட்டுப் போயிருவாரு. மொதல்ல கோர்ட்டு அனுப்புற கமிஷனர் எடத்தப் பாக்க வருவாரு. சந்து உங்க அனுபோகத்துல இருக்கு, நீங்கதான் பொழங்குறீங்கன்னு அவர் கண்ணுக்குத் தெரியணும்."

அன்று முத்துக்கிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி சொர்ணலட்சுமி சிரித்தாள்.

"இதுக்கா இம்புட்டுக் கவல? ஒரு கயித்துக் கட்டிலப் போட்டுப் பாண்டியப் படுக்க வைங்க. ஆள் படுத்திருக்கிற எடத்த யாரு இல்லேங்கப் போறா?"

எட்டு மாதத்தில் முதல் தடவையாக மச்சினனால் ஒரு பிரயோஜனம்! கட்டிலை அவரே தூக்கிப் போய்ச் சந்தில் போட்டார். தலையணையையும் அவரே தட்டி வைத்தார்.

கமிஷனர் வந்தார், பார்த்தார், எழுதினார். 'முருங்கை மரம் ஒன்று. துவைகல் ஒன்று. கயிற்றுக் கட்டில் ஒன்று. அதன்மேல் பாண்டி என்பவர், வயது இருபத்தாறு, உறங்குகிறார்.' பத்தே நாளில் தடை கிடைத்தது. அப்பீல் முடியும்வரை தீர்ப்பை நிறைவேற்றக் கூடாது. சந்து இப்போதுள்ள நிலையிலேயே இருக்க வேண்டும்.

மண்டி முழுக்கச் சிறுமலை வாழைப்பழம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, காலைல ஏழு மணிக்கு வடமதுர பஸ்ஸு."

சொர்ணலட்சுமி குறுக்கே வந்தாள். "என்னங்க, செயிலுக்குப் போக ஆசையா இருக்கா?"

"எதுக்குடி செயிலு?"

"இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. கட்டில் இருக்கு, பாண்டி இருக்கான். நாளைக்கு அவன் இல்லேன்னா சடையாண்டி அண்ணன் சும்மா விடுவாரா?"

வக்கீலிடம் ஓடினார். அவரும், "எதுக்கு வம்பு? அசைக்காதீங்க" என்றார்.

மூன்று வருஷம் பாண்டி அசையவில்லை.

இப்போது நினைத்தால், தெருவுக்கே அவை நல்ல வருஷங்கள். ஒரு குடம் தண்ணீருக்கு ஊரே காத்துக் கிடந்த காலம்தான், ஆனாலும். சாயங்காலம் ஆனால் பாண்டியின் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் வர்ணனை, கட்டிலைச் சுற்றித் தெரு ஜனம். சந்துக்குள் கால் வைக்க முடியாத சடையாண்டி, விளிம்பில் நின்று ஸ்கோர் கேட்பார். கடுங்காப்பி இந்தப் பக்கத்திலிருந்து போகும், வறுத்த கடலை அந்தப் பக்கத்திலிருந்து வரும். முருங்கைக்காய் இரண்டு வீட்டுச் சாம்பாரிலும் விழுந்தது. அந்தச் சத்தமும் அந்த ஜனமும் இனி வருமா? நினைத்தால் நெஞ்சு ஏங்கத்தான் செய்கிறது.

எண்பத்தாறில் பாண்டிக்குப் பெண் அமைந்தது.

"கட்டில மட்டும் கொஞ்சம் பெருசாப் போடணும்" என்றாள் சொர்ணலட்சுமி.

"எதுவும் மாறக் கூடாதுன்னியே?"

"கொறையத்தான் கூடாது. கூடலாம்."

முத்துக்கிருஷ்ணன் வேர்த்துப்போய்ச் சடையாண்டியிடம் ஓடினார்.

"அப்பு, சந்த நீயே எடுத்துக்க."

"பாண்டியோடயா? ஆள விடுப்பா! அப்பீல்ல நீ செயிக்கணும்னு நான் பழனிக்கு வேண்டியிருக்கேன்."

அடுத்து வக்கீல். "அப்பீல வாபஸ் வாங்கிருங்க சார். சந்து போனாப் போகுது."

"வாங்கலாம். உங்க சம்சாரம் கையெழுத்துப் போடணும்."

"அவ எதுக்கு?"

"மனைப் பத்திரம் அவங்க பேருல. அப்பீலும் அவங்க பேருல. நீங்க கோர்ட்டுக்கு நடந்தீங்க, அம்புட்டுத்தான்."

வக்காலத்தை அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தவரே அவர்தான். அது ஏனோ மறந்துபோயிருந்தது. வாபஸ் மனுவோடும் பேனாவோடும் மறுபடி அடுப்படிக்குப் போய் நின்றார். சொர்ணலட்சுமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை முழுசாகப் படித்தாள். பிறகு பத்திரமாக மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"செத்த நேரம் பொறுங்க. பாண்டி எந்திரிக்கட்டும். அனுபோகத்துல இருக்கிறவனக் கேக்காம நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?"