பணிவிடை வகுப்பில் ஸ்டேஷன் மாஸ்டர்

ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஆத்திரம் பொங்கியது. ஓய்வு பெறும்வரை அவர் கொடி காட்டினால்தான் ரயிலே நகரும். இப்போது வீட்டில் அவர் தலைகீழாக நின்றாலும் ஒரு டம்ளர் தண்ணீர் நகர மறுத்தது.

“வயசானவங்களை எப்படிப் பாத்துக்கணும்னு ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறே. இங்க கட்டின புருஷன் தொண்டை காஞ்சு கெடக்கறான்!”

மனைவி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நிதானமாகச் செருப்பை மாட்டினாள்.

“நேத்துதானே ‘யாருடி கிழவன்?’னு குதிச்சீங்க?”

“அது நேத்து!”

“சரி, வகுப்புக்கு வாங்க. பிள்ளைங்க உங்களை வச்சே பழகட்டும்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! ஒரு வகுப்பே பணிவிடை செய்யப்போகிறது. போய், காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

ஒரு மாணவி அவர் முகத்துக்கு நேரே குனிந்து, “ஐயா, உங்க கையைப் பிடிச்சுக்கலாமா?” என்றாள். வீட்டில் அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? உருகிப்போனார்.

“தண்ணி கொண்டாம்மா!”

“நில்லு,” என்றாள் மனைவி. “அவரால முடியறதை நாம பிடுங்கிச் செய்யக்கூடாது. விழாம பாத்துக்கிட்டுப் பக்கத்துல நின்னாப் போதும்.”

“என்னால முடியாது! வலது கையைத் தூக்கவே வரலை!” என்று வலது கையை ஓங்கிக்கொண்டு கத்தினார்.

“அருமையாத் தூக்கறீங்க ஐயா!” வகுப்பே கைதட்டியது.

இரண்டு பேர் பக்கவாட்டில் நடக்க, அவரே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தார். அவமானம்!

“இது முதியோர் பராமரிப்பா, பரிகாசமா? பணிவிடைன்னு கூப்பிட்டுட்டு, பணி எனக்கு, விடை உங்களுக்கா?”

மனைவி சண்டைக்கு வரவில்லை. “பாத்தீங்களா, கோவம் வருது. எதிர்த்துப் பேசாதீங்க. பக்கத்துல உக்காந்து காது கொடுங்க,” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, அவர்கள் படுக்கை விரித்துப் பழகிய போர்வைகளை அள்ளி மேசையில் குவித்தாள்.

பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். “சொல்லுங்க ஐயா. வீட்ல ரொம்பக் கஷ்டமா?”

அணை உடைந்தது. கல்யாணத்தன்றைக்கே ஆரம்பித்தார். யாரோ ஒரு போர்வையின் முனையை அவர் கையில் கொடுத்தார்கள். பேச்சு வேகத்தில் மடித்து வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார். “வேலை வாங்கியே என்னைக் கொல்றா!” என்று அவர் மூச்சு விட்டபோது, மேசை மேல் போர்வைகள் மூலைக்கு மூலை சரியாக மடிந்து அடுக்காக நின்றன.

மனைவி பரிவோடு அவர் தோளைத் தொட்டாள்.

“மனசு லேசாச்சா? தலையணை உறை மட்டும் பாக்கி இருக்கு. எங்கம்மா வீட்டு ஆளுங்களைப் பத்தி நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!”