நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

என்மேல் கோபம் ஆறாத அக்காவுக்கு, ஆறு மாதமாகப் பதில் போடாத தம்பி தலைகுனிந்து எழுதிக்கொண்டது. இங்கே நிலக்கரி தேடும் முகாமில் எல்லோரும் சுகம். அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு கல்லோடு பேசிக்கொண்டிருந்தபோது சமையல்காரரிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். நானூறு மீட்டருக்குக் கீழே துளைபோட்டு உருளையாக வெட்டியெடுத்த கல். பெட்டியில் அடுக்கும்போது, "இத்தனை காலம் தனியா கிடந்தியே, சலிச்சுப்போகலையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கரண்டியோடு நின்று, "அது பதில் சொன்னா என்னையும் கூப்பிடுங்கண்ணே" என்றார்.

பின்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன், எங்களோடு வந்து இரு என்று மூன்று கடிதத்தில் எழுதிவிட்டாய். மூன்றாவது கடிதம் வந்த அன்று அதையே நினைத்துக்கொண்டு துளைக்குள் இறங்கும் குழாய்களை எண்ணியதில் ஒன்றை விட்டுவிட்டேன். குழாய் ஒன்று மூன்று மீட்டர். என் கணக்குப்படி நிலக்கரி மூன்று மீட்டர் முன்னாலேயே வந்துவிட்டது. பொறியாளர் அம்மா ஏட்டைப் பார்த்துவிட்டு, "என்ன ரம்பம் சார், கரி உங்களைப் பார்க்க எதிர்ல நடந்து வந்துச்சா?" என்றார். ரம்பம் என்பது என் பட்டப்பெயர், ஏனென்று கேட்காதே. "ரொம்ப நாளா என்னைப் பார்க்க யாரும் வரலைங்க, அதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானுந்தான்.

ஆனால் இந்த ரம்பம் இல்லாமல் இங்கே ஒரு காரியமும் ஓடாது. பழைய முறையில் பாதிக் கரி பொடிப்பொடியாகித் தண்ணீரோடு போய்விடும். சோதிக்கக் கரி போதாமல் பக்கத்திலேயே இரண்டாவது துளை போட்டு மூன்று மாதம் மாரடிக்க வேண்டும். நான்தான் சொன்னேன்: உள்குழாய்க்குள் நெடுக்காக இரண்டாகப் பிரியும் மெல்லிய குழாய் ஒன்றைப் போடுவோம், சுற்றும் வேகத்தைக் குறைப்போம், தண்ணீரை அடக்கி விடுவோம். "இப்படி உருட்டினா கிழவனாகித்தான் வீட்டுக்குப் போகணும்" என்று இயந்திரக்காரர் முணுமுணுத்தார். குழாயைப் பிரித்துப் பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு கரி உடையாமல், தூங்குகிற பிள்ளைபோலப் படுத்திருந்தது. இந்தச் சந்தோஷத்தை யாருக்காவது சொல்லலாமென்று போனை எடுத்தால், முதலில் வந்தது என் மனைவியின் எண். அவள் கண்மூடி இரண்டு வருடமாகியும் நான் அதை அழிக்கவில்லை. மறுபடி கல்லிடமே போய்ச் சொன்னேன்.

ஆகையால் அக்கா, என்னை இங்கிருந்து விடமாட்டார்கள். அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உன் காலில் இங்கிருந்தே விழுகிறேன். தூக்கிவிட ஆளில்லாததால் நானே எழுந்துகொள்கிறேன்.

உன் தம்பி

பி.கு.: தொண்ணூற்றேழு வந்துவிட்டதால் இரண்டாவது துளை தேவையில்லையாம். இயந்திரம் போன வியாழக்கிழமையே லாரியேறிவிட்டது, சமையல்காரரும் கூடவே. முகாமில் மிச்சம் நான்தான் என்பதால் தபால்காரரும் வருவதில்லை. அதனால் இதை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்திருக்கிறேன். படித்து முடித்தால் கொஞ்சம் நிமிர்ந்து பார், பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.