மேல்நடவடிக்கைக்குச் சமர்ப்பிக்கப்பட்ட தலைவலி

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? நலம் என்று எழுதியது சும்மா மரியாதைக்கு. மூன்று வாரமாக எனக்குத் தலைவலி. அதைவிடப் பெரிய வலி, உங்கள் அக்கா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை.

நெற்றியைச் சுற்றி ஈரத்துண்டை முறுக்கிக் கட்டினாற்போல இறுக்கவும் டாக்டரிடம் போனேன். "பயப்பட ஒண்ணுமில்லீங்க, டென்ஷன் தலைவலி. கழுத்து, தோள் இறுகினா வரும். பல்லைக் கடிச்சா வரும். தூக்கம் கெட்டா, நேரத்துக்குச் சாப்பிடலைன்னா, கண்ணுக்குச் சிரமம் கொடுத்தா வரும். உங்களுக்கு எதனால வருதுன்னு ஒரு நோட்டுல குறிச்சிட்டு வாங்க" என்றார். கண்ணைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நானும் உங்கள் அக்காவும் இப்போதுதான் ஒரே மாதிரி ஃபிரேமில் புதுக் கண்ணாடி வாங்கியிருந்தோம்.

முப்பத்திரண்டு வருடம் ரெக்கார்டு ரூமில் குப்பை கொட்டியவனிடம் நோட்டு எழுதச் சொல்லலாமா? நேரம், சாப்பிட்டது, செய்த வேலை, அருகில் இருந்தவர் என்று நாலு கட்டம் போட்டேன். நாற்பத்தொரு பதிவு. அதில் முப்பத்தெட்டில் அருகில் இருந்தவர் 'மனைவி'. பழக்க தோஷம், கை சும்மா இருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 'காரணம்: மனைவி. மேல்நடவடிக்கைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் அதன் கீழே 'பார்வையிட்டேன்' என்று உங்கள் அக்காவின் கையெழுத்து, தேதியோடு. அன்றிலிருந்து இந்த வீட்டில் வாய் திறப்பது மிக்சி மட்டும்தான்.

காரணம் பேச்சை நிறுத்திட்டா தலைவலியும் நிக்கணுமா இல்லையா மாப்பிள்ளே? நிக்கலை. ரெண்டு மடங்காச்சு. எப்போ பேசுவாளோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ராத்திரி தூக்கமும் போச்சு. நேற்றுத்தான் உறைத்தது. வலி வந்த பிறகல்லவா அவள் பக்கத்தில் வந்து கழுத்தைப் பிடித்துவிட்டாள்! குடை பிடித்தவரால்தான் மழை பெய்தது என்று எழுதிவைத்த மடையன் நான். இதைச் சொல்லலாம் என்று தொண்டையைக் கனைத்தால் அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். அவள் பேசாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து எனக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதினேழாம் பதிவில் உங்கள் போன் அழைப்பும் காரணமாக இருக்கிறது. வந்தால் அந்த வரியை அடித்துவிடுகிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும், வலிக்காத தலை உள்ள அனைவருக்கும் என் பொறாமையும் உரித்தாகுக.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன் (இன்றைய நிலவரப்படி)

பி.கு.: வர வேண்டாம். இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் படுகிற மாதிரி மேஜையில் வைத்தேன். எடுத்தாள், கையை நீட்டினாள், மடக்கினாள், கண்ணைச் சுருக்கினாள். பிறகு நேராக வந்து என் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு முழுதும் படித்தாள். இருவர் கண்ணாடியும் வாங்கி வந்த அன்றே மாறிப்போயிருக்கின்றன. "மூணு வாரமா எனக்கும்தான் மண்டை வெடிக்குது" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க தலையைப் பிடிச்சுவிடவே நேரம் சரியா இருந்துச்சு" என்றாள். நோட்டைக் கிழித்துப் போட்டேன். பதினேழாம் பதிவு மட்டும் இருக்கட்டும் என்று அவள்தான் எடுத்து வைத்தாள்.