அருவிக்கரை ஆராய்ச்சி நிலையமும் அகிலாண்டேஸ்வரியின் குளியலும்

அறிவைத் தேடி மனிதன் மலை ஏறியிருக்கிறான், கடல் தாண்டியிருக்கிறான். ஆனால் அறிவுக்கு ஒரு குழு அமைத்து, தலைவர் போட்டு, சாரல் படாமல் ஓட்டுக்கூரைக்கடியில் உட்கார வைத்த பெருமை எங்கள் குற்றாலத்துக்கே உரியது. 1961ஆம் ஆண்டு சீசனில் ஒரு பல்கலைக்கழகம் அங்கே தொடங்கிய 'பல்துறைக் கூட்டு ஆராய்ச்சி நிலைய'த்தின் செயலாளன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம்.

பல்துறை என்றால் என்னவென்று தென்காசியில் பலரும் என்னைக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தம் துறையை விட்டுவிட்டு அடுத்தவர் துறையைப் பற்றிப் பேசுவது என்று விளக்கினேன்.

"அதைத்தான டீக்கடையில தெனமும் செய்யுதோம்?" என்றார் ஜவுளிக்கடை அப்துல் ஜப்பார்.

பாவம், டீக்கடைக்கு மானியம் கிடையாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

நிலையத்துக்கு இடம் பிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. சீசனில் எந்த லாட்ஜிலும் காலை நீட்ட இடமில்லை. அப்போதுதான் அருவிக்குப் பக்கத்திலேயே, நாலு பக்கமும் சுவர் வைத்த ஒரு கட்டடம் எங்கள் கண்ணில் பட்டது. குளித்துவிட்டு வரும் பெண்கள் ஈரச் சேலை மாற்றிக்கொள்ள 'மட்டுமே' அது பயன்பட்டுவந்தது. 'மட்டுமே' என்ற சொல் எங்கள் டைரக்டருடையது. உள்ளே போய்ப் பார்த்தவர் பூரித்துப் போனார்.

"செக்ரட்டரி, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்! சிந்தனைக்கு வேறென்ன வேண்டும்?"

மறுநாளே சேலை போடும் கொடியில் வரைபடங்கள் தொங்கின. சுவர்க் கண்ணாடியைத் தத்துவப் பேராசிரியர் தம் ஆய்வுக்கென்று ஒதுக்கிக்கொண்டார்.

நல்ல ஆராய்ச்சிக்கு நல்ல கேள்வி வேண்டுமே! அதுவும் தேடி வந்தது. ஒருநாள் பௌதிகப் பேராசிரியர் அருவிப் பக்கம் போய்விட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். "அருவியில் ஆண்கள்தான் இருக்கிறார்கள். பெண்களைக் காணோம்! போன வருஷம் கூட்டம் நெரிந்ததே!"

எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க முடியாது. 'மகளிர் நீராடல் குன்றியதன் காரணங்கள்' என்று தலைப்பிட்டோம். காராச்சேவும் காப்பியும் வரவழைத்து ஆராயத் தொடங்கினோம்.

நல்லெண்ணெய் விலை ஏறியதுதான் காரணம் என்றார் பௌதிகம். தண்ணீரின் விசை கூடிவிட்டது என்றார் பொருளாதாரம். பெண்களுக்கு நாணம் மிகுந்துவிட்டது, பழங்காலத்தில் அவர்கள் ஆற்றில் ஆடியது உண்மைதான், ஆனால் ஆறு வேறு, அருவி வேறு என்றார் தமிழ். பெண்கள் குறைந்திருக்கிறார்கள் என்பதே நம் மனத்தின் தோற்றம் என்றார் தத்துவம், கண்ணாடியைப் பார்த்தபடி. நான்கும் சிறந்த முடிவுகள் என்று டைரக்டர் பாராட்டினார்.

இவ்வளவு உயர்ந்த சூழலிலிருந்து தென்காசிக்கு வீடு திரும்பினால், அங்கே என் மனைவி அகிலாண்டேஸ்வரி. அவளுக்குத் தெரிந்தது ஒரே துறை. அது நான்தான்.

"வருசம் பூரா அடுப்படியில வேவுதேன். சாரல் மாசத்துல தலையில நாலு சொட்டு அருவித் தண்ணி விழணும்னு ஆசைப்பட்டா, அதுக்கும் வழியில்ல."

"போய்க் குளியேன். யாரு தடுத்தா?"

"குளிச்சுட்டு? ஈரச் சேலையோட பஸ்ஸுல ஏறி, ஊரே பாக்க வரச் சொல்லுதீயளா? மாத்துற ரூம்புல நீங்கள்லா மண்டபம் போட்டு உக்காந்திருக்கீய! எந்திரிச்சுப் போங்க, பொம்பளைய தன்னால வருவாவ."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் இதைப் பணிவோடு சமர்ப்பித்தேன்.

டைரக்டர் யோசித்தார். "இது எந்தத் துறையின் கருத்து?"

"என் வீட்டு அடுப்படி, சார்."

"அந்தத் துறை நம் நிலையத்தில் இல்லையே!" என்று வருந்தினார். பிறகு பெருந்தன்மையோடு, "பெண்களையே வரச் சொல்லுங்கள். நேரில் கருத்துக் கேட்போம்" என்றார்.

தென்காசித் தெருக்களில் தண்டோரா போட்டோம். வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே எங்களிடம் வராமல், முதலில் ஆசை தீர அருவியில் குளித்துவிட்டு வந்தார்கள். அதுதான் நாங்கள் எதிர்பாராதது. முன்னால் அப்துல் ஜப்பாரின் மனைவி ஜைனப், வெள்ளைத் துப்பட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட. அடுத்து என் அகிலாண்டேஸ்வரி. பின்னால் அறை கொள்ளாத கூட்டம்.

"வாருங்கள், உட்காருங்கள்" என்றார் டைரக்டர்.

"ஈரத்தோட எப்படி உக்கார? மாத்திட்டு உக்காருதோம்" என்றார் ஜைனப்.

"பேஷாக மாற்றிக்கொண்டு வாருங்கள்."

"எங்கன போயி மாத்த? மாத்துற எடத்துலதான நீங்க இருக்கீய!"

டைரக்டரின் முகம் மலர்ந்தது. "அருமையான கருத்து! செக்ரட்டரி, குறித்துக்கொள்ளுங்கள்."

"ஏட்டி அகிலா," என்றார் ஜைனப், "அண்ணாச்சி எழுதுறதை எழுதட்டும். நாம மாத்துவோம். கொடியில கெடக்க படத்தையெல்லாம் எடுத்துக் கீழ போடு." சொல்லிவிட்டுத் துப்பட்டியை உருவிப் பிழியத் தொடங்கினார்.

ஐயோ, அந்த ஓட்டம்! விசை என்றால் என்னவென்று பொருளாதாரம் வாசலில் காட்டினார். நாணம் ஆண்களுக்கும் உண்டு என்பதைத் தமிழ் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடி நிரூபித்தார். கண்ணாடியை அணைத்துக்கொண்டு கிளம்பிய தத்துவத்திடமிருந்து என் மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள். கடைசியாக வெளியே வந்தவன் நான். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே சிரிப்பென்றால் சிரிப்பு, அருவிச் சத்தமே அமுங்கிவிட்டது.

வெளியே நல்ல சாரல். நாலு துறையும் தொப்பலாக நனைந்து நின்றன. எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கிப்பாண்டி கிண்ணத்தோடு வந்தார். "நனைஞ்சது நனைஞ்சாச்சு ஐயா. எண்ணெயத் தேய்ச்சுட்டா முழுசாக் குளிச்சிறலாம்லா?" டைரக்டர் கல்லில் குப்புறப் படுத்தபடியே அன்றைய கூட்டத்தை நடத்தி முடித்தார்.

இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் ஆராய்ச்சி அறியாதவர்கள். அன்று முதல் அருவியில் பெண்கள் கூட்டம் பழையபடி நெரிந்தது. 'நிலையத்தின் இடையறாத முயற்சியால் மகளிர் நீராடல் மீண்டும் பெருகியது' என்று நாங்கள் அறிக்கை அனுப்பினோம். பல்கலைக்கழகம் அகமகிழ்ந்து அடுத்த பொறுப்பையும் எங்களிடமே ஒப்படைத்தது. பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெண்பிள்ளைகள் ஏன் படிக்க வருவதில்லை என்று ஆராய வேண்டும்.

செய்தியை வீட்டில் சொன்னேன். ஈரத் தலையை உலர்த்திக்கொண்டிருந்த அகிலாண்டேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கன எங்க உக்காரப் போறீய?"

"எடத்துக்கு என்ன குறை? பொட்டப்பிள்ளைய படிக்குற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. அதைக் காலி பண்ணித் தாராங்க."

"அப்போ அந்தப் பிள்ளைய எங்கன படிக்கும்?"

"அதைத்தான ஆராயப் போறோம்!" என்றேன்.